ஆசீர்வாதத்தின் இழைப்புளி

“மேடம், இது உங்க அப்பா புடிச்ச இழைப்புளி இல்ல.”

ஜஹாங்கீர் சொன்னதும் மெர்லினின் முகம் மாறிவிட்டது.

“இன்னா பாய் பேசறீங்க? எங்க வூட்டுப் பரண்லேர்ந்து நானே எறக்கியாந்தது!”

ராயபுரத்தில் ரம்பம், உளி, கசாப்புக் கத்தி எதுவானாலும் சாணை பிடித்து, பழுதும் பார்த்துக் கொடுக்கிற கடை ஜஹாங்கீருடையது. நாலு நாளைக்கு முன்னால் மெர்லின் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து போட்டபோது அது வெறும் துருக்கட்டி. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, இப்போது அடிப்பக்கத்தில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. துரு போனதும் அலகில் ‘ஷெஃபீல்டு’ என்ற எழுத்து தெரிந்தது. ஏதோ கப்பல் தச்சன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து, துறைமுகத்தில் கைமாறிய பழைய சாமான் என்று கண்டுகொண்டார்.

இந்த வேலையை அவர் ஆசையாகத்தான் செய்தார். அவருடைய நிக்காவுக்கு வாங்கிய கட்டில் மெர்லினின் அப்பா ஆசீர்வாதம் மேஸ்திரி பட்டறையில் செய்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு முனகல் கிடையாது.

“நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஃபாதர் இத்தக் கண்ணாடிப் பொட்டியில வைக்கப் போறாரு” என்றாள் மெர்லின். “கோயில்ல கீற நாப்பது பெஞ்சும் அப்பா இழைச்சது. பித்தளைத் தகட்டுல பேரு கூட வெட்டியாச்சு. இப்பப் போய் இப்டி சொன்னா?”

“கோச்சிக்காதீங்க. இந்தக் கைப்பிடியப் பாருங்க. வருசக்கணக்கா ஒரே கை புடிச்ச மரம். அழுக்கு போனதும் பள்ளம் தெரியுது பாருங்க. கட்டவெரலு வலப்பக்கமா பதிஞ்சிருக்கு, ஆள்காட்டி வெரலு இடப்பக்கமா நீண்டிருக்கு. நாம புடிச்சா அப்டியே மாறித்தான் விழும். இது எடது கைக்காரங்க புடிச்சது. அதுவும் சின்னக் கை.”

மெர்லின் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. “எங்க வூட்ல அந்தப் பழக்கம் யாருக்கும் கெடையாது.”

“அப்ப மேஸ்திரி வேற ஆள் யாரையாச்சும் வெச்சி…”

“அடுத்தவன் வேலையக் காட்டி அப்பா பேரு வாங்கினாருன்றீங்களா? பட்டறைக் கதவச் சாத்திக்கினு வேலை செஞ்ச மனுசன் அவரு! நான்கூட உள்ள போனதில்ல. மரச்சுருளு பெருக்க அம்மா மட்டும் போவாங்க. வேணும்னா கேளுங்க.”

அம்மா ஞானபாக்கியம் கடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் கண் இழைப்புளியை விட்டு நகரவில்லை.

ஜஹாங்கீர் பேச்சை மாற்ற நினைத்து அலகைக் கையில் எடுத்தார். “யாரோ ஒருத்தர், நல்ல வேலைக்காரங்க. ரெண்டு மூலையையும் எவ்ளோ பக்குவமா மழுக்கி வெச்சிருக்காங்க பாருங்க.”

“இல்லாங்காட்டி பலகையில கோடு வுழும் நைனா” என்றாள் ஞானபாக்கியம் மெதுவாக.

“உனுக்கு இன்னா தெரியும்? கம்முனு இரும்மா” என்றாள் மெர்லின்.

தச்சர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும் என்று ஜஹாங்கீர் நினைத்துக்கொண்டார்.

மெர்லின் குரலைத் தணித்துக்கொண்டாள். “பாய், ஒண்ணு பண்ணுங்க. இந்தக் கைப்பிடியக் கயட்டிட்டு வேற போட்டுக் குடுங்க.”

“வேணாம் மேடம். யாரோ ஒருத்தர் ஆயுசு பூரா பட்ட பாடு இதுல இருக்கு. இதுவும் போச்சுன்னா, அப்டி ஒருத்தர் இருந்தாங்கன்னு சொல்றதுக்கே ஒண்ணும் இருக்காது.”

“அதுக்குத்தான் சொல்றேன், மாத்துங்க. ஊரே வந்து பாக்குற எடம். உங்கள மாரி இன்னொருத்தர் கண்டுபுடிச்சி வாயத் தொறந்தா, செத்துப்போன மனுசன் மானம் இன்னா ஆவுறது?”

ஜஹாங்கீருக்குக் கை வரவில்லை. ஆனால் சாமான் அவர்களுடையது. அதற்கு மேல் என்ன பேசுவது? திருகாணியைக் கழற்றினார். கடையில் கிடந்த ஒரு புதுக் கைப்பிடியைப் பொருத்தி முடுக்கினார். வார்னிஷ் மினுங்கிய அந்தக் கைப்பிடி, வயசான முகத்தில் பொய்ப்பல் கட்டிய மாதிரி இருந்தது. மெர்லினுக்குத் திருப்தி. திருப்பித் திருப்பிப் பார்த்து, கவனமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

பழைய கைப்பிடியைத் தகரக் குப்பைத்தொட்டியில் போடப் போனார் ஜஹாங்கீர்.

“அத்தத் தூக்கிப் போட்றாத நைனா. எனக்குக் குடு.”

ஞானபாக்கியம் எழுந்து வந்திருந்தாள்.

“கயட்டிப் போட்ட கட்டைய எடுத்துனு போய் இன்னா பண்ணப் போற?” என்றாள் மெர்லின்.

அம்மா புடவைத் தலைப்புக்குள் இருந்து கையை எடுத்து நீட்டினாள். ஜஹாங்கீர் கைப்பிடியை அந்தக் கையில் வைத்தார். சுருங்கிப்போன அவள் கட்டைவிரல், தேடாமல் தடவாமல், வலப்பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

மெர்லின் சட்டென்று அந்தக் கையைத் தட்டினாள். “எத்தினி வாட்டிம்மா சொல்றது, நாலு பேரு எதிர்க்க எதையும் சோத்துக் கையால வாங்குன்னு!”