அடியில் ஓடும் வரி

ஊரே தேடிய மனிதர், உள்ளூர் செய்திச் சேனலின் வரவேற்பறையில் சாவகாசமாக பிஸ்கட்டை டீயில் நனைக்கிறார். காலையில்தான் கிடைத்தார். மகள் வந்து சேனலில் சொல்லியாயிற்று. ஆனாலும் திரையில் ஏற்றிவிட்ட அறிவிப்பு வரி இந்தச் செய்தி முடியும்வரை ஓடித்தான் தீருமாம். சுவரில் இருக்கும் டிவியில் மேயர் ரிப்பன் வெட்ட, அடியில் நகர்கிறது: ‘காணவில்லை. வயது எழுபத்தாறு. நீலக்கட்டம் போட்ட சட்டை. ஞாபகமறதி உண்டு.’ பிஸ்கட் முறிந்து டீக்குள் விழுகிறது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உதடு அசைய வாசிக்கிறார். “பாவம்மா. ஆளு கிடைச்சாராமா?” மகள் அவருடைய நீலக்கட்டச் சட்டையில் சிந்திய டீயைத் துடைக்கிறாள். “கிடைச்சிட்டாருப்பா.” “அப்பாடா!” என்று சாய்ந்துகொள்கிறார். வெயில் அவர் மடிவரை வந்திருக்கிறது. “வீட்ல ஒரு பொண்ணு இருந்தா, எப்படித் தவிச்சிருக்கும்!”