மழை பெய்யாத கடைசிப் பக்கம்

அச்சு இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கிறது. வானம் பொய்த்துப்போன எதிர்கால நகரத்தின் கதை, மூன்றாம் பாகம். மை காயாத கடைசிப் பக்கத்தைக் குழல்விளக்கின் கீழே பிடித்துக்கொண்டு பதிப்பாளர் கெஞ்சுகிறார்.

"முடிவுல ஒரே ஒரு தூறல் போடும்மா. வாசகன் பாவம்."

"அவன் பாவம்னா கதையில தவிக்கிற என் ஊர்க்காரங்க யாரு சார்?"

"முதல் ரெண்டு பாகமும் விக்காம தூங்குது. இதுவும் படுத்தா தொடரையே மூடணும்."

"மூடுங்க. பொய்யா ஒரு சொட்டு விழாது."

கைகட்டி நிற்கிறாள் எழுதியவள். குரலில் நடுக்கமில்லை, கட்டிய கைகளின் விரல்கள்தான் சட்டையைக் கசக்குகின்றன. எத்தனையோ எழுத்தாளர்களின் முடிவுகளை இதே கெஞ்சலால் வளைத்தவர் பதிப்பாளர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடைசி வரியை உதடசையப் படிக்கிறார். மறுபடியும் படிக்கிறார். பக்கத்தை மெல்ல மேசையில் வைக்கிறார்.

"சரியான அழுத்தக்காரி," என்கிறார், பெற்றவர் பீற்றிக்கொள்வதுபோல. பச்சைப் பொத்தானைத் தானே அழுத்துகிறார். தாள்கள் படபடவென்று பாய்கின்றன. அப்போதுதான் அவள் சுவரில் சாய்கிறாள்.