பன்னிரண்டாவது கடை

கலவரத்தில் வீடு கொளுத்தி ஜெயிலுக்குப் போய்வந்த தம்பிக்கு வேலை கேட்டு அக்கா ஏறாத படியில்லை. பதினோரு கடையில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவதாக, மரக்கடை முதலாளிதான் ஒரு கேள்வியும் கேட்காமல் அவனை டிரைவராகச் சேர்த்துக்கொண்டார்.

அக்கா கைகூப்பினாள்.

"தெய்வம் மாதிரி வந்தீங்கய்யா. இப்ப அவன் திருந்திட்டான். பழைய கூட்டாளிங்க இருக்கிற திசையிலகூடத் தலைவெச்சுப் படுக்கிறதில்ல."

"நல்ல பையன்மா. போலீஸ் அவ்வளவு அடிச்சும் என் பேரைச் சொல்லலையே! அவனை நான் கைவிடுவேனா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்கட்டில் தம்பி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் சீட்டியடிக்கிறான்.

"அன்னைக்கு பெட்ரோல் கேன் ஏத்திட்டுப் போனானே, அதே வேன்தான்மா. பெயின்ட் மட்டும் மாத்தியிருக்கேன்" என்றார் முதலாளி.