பிலோமினாவுக்குக் கைதட்டல்
ஆண்டுவிழா மேடையில் செய்யுள் ஒப்பிக்க வந்த மூன்றாம் வகுப்பு பிலோமினா, "வா... வா..." என்று முதல் சொல்லிலேயே திக்கி நின்றாள். கடைசி வரிசையில் அவள் அப்பா லூர்துசாமி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். இரக்கப்பட்டு யாரோ கைதட்ட, பந்தலே சேர்ந்து தட்டியது.

"கொஞ்சம் பொறுங்க, புள்ள சொல்லிருவா!" என்று லூர்துசாமி எழுந்து கத்தினார். யார் காதிலும் விழவில்லை.

டீச்சர் அவள் கையில் ஒரு கோப்பையைத் திணித்து, மைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த இரைச்சலுக்குள்தான் பிலோமினாவின் உதடுகள் தங்குதடையில்லாமல் அசையத் தொடங்கின. முதல் வரி முடிந்து இரண்டாவதுக்குப் போய்விட்டாள் என்று லூர்துசாமி உதட்டைப் பார்த்தே கண்டுகொண்டார்.

"சொல்றா பாருங்க, எம்புள்ள சொல்றா!" என்று பக்கத்திலிருந்தவரின் கைகளைப் பிடித்தார். அவர் சிரித்தபடி கைகளை விடுவித்துக்கொண்டு, இன்னும் பலமாகத் தட்டினார்.