கூடவே இருந்த அக்கா

"வரலைக்கா."

வெறும் கப்போடு கழிப்பறையிலிருந்து மறுபடியும் வெளியே வந்தாள் ஓட்டக்காரி. பின்னாலேயே வந்த அக்கா, "அதுக்கென்னம்மா, வரும்போது வரட்டும். உக்காரு" என்றார்.

மதியம் நானூறு மீட்டரில் உலக சாதனையை உடைத்தவள் இவள்தான். இப்போது அதே மைதானத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில், ஊக்கமருந்துப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்கக் காத்திருக்கிறாள். அந்தக் கப் நிறையும்வரை அவளைக் கண்ணை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை.

இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தவர்கள் கொடுத்துவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். நேற்றுவரை இவளுடைய பயணப்படிக்குக் கையெழுத்துப் போட மறுத்த தடகளச் சங்கத்துப் பெரிய மனிதர்கள், இன்று தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு விருந்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பயிற்சியாளர் டிவியில் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

போன் விடாமல் மினுங்கியது. எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் வாழ்த்து.

"வீட்ல பேசிட்டியாம்மா?"

"அரை டிராயர் போட்டு ஊர் முன்னாடி ஓடுறவ எங்க வீட்டுப் பொண்ணே இல்லன்னுட்டாங்கக்கா, என்னைக்கோ. இன்னைக்காவது கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன்."

அக்கா மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டினார். அவள் உதட்டை நனைத்துக்கொண்டு கீழே வைத்தாள்.

"ஓடும்போது என்னதான் நினைப்ப?"

"கடைசி லேன்க்கா எனக்கு. வெளி ஓரம், எல்லாருக்கும் முன்னால தள்ளி நிக்க வைப்பாங்க. முன்னால யாருமே தெரிய மாட்டாங்க, பின்னால காலடிச் சத்தம் மட்டும்தான் துணை. கடைசி வளைவுல அதுவும் நின்னுபோச்சு. எல்லாரும் போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

"நானும் ஓடியிருக்கேன் தெரியுமா? கல்யாணமான புதுசுல. மாமியார் காப்பி கேட்டா அடுப்படிக்கு ஓடுவேன் பாரு, அதை மட்டும் எவனாவது கடிகாரம் வச்சு எடுத்திருந்தா உன் சாதனை காலி!"

ஓட்டக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று பல்லைக் கடித்து முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கக்கா."

தொடை பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று அக்கா குனிந்து நீவிவிட்டார். அம்மா கை இப்படித்தான் இருந்ததோ என்னவோ, அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பரிசோதனைக்குப் பொறுப்பான டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "இன்னுமா? இதோ பாரும்மா, கொடுக்காம எழுந்து போனா சாதனை கணக்குல சேராது. நீ ஓடுனது ஓடாத மாதிரிதான்."

"தெரியும் டாக்டர். வரலையே, நான் என்ன பண்ணட்டும்?"

"உடம்புல தண்ணியெல்லாம் வேர்வையாப் போயிருக்கும் டாக்டர், பாவம். அதட்டாதீங்க" என்றார் அக்கா.

"நீங்க காலையில வந்தவங்க, கிளம்புங்க. வேற ஆளை உக்கார வைக்கிறேன்."

அக்கா பெருமூச்சோடு எழுந்து கைப்பையை எடுத்தார். "வரட்டுமாம்மா? நல்லா இரு."

ஓட்டக்காரி துள்ளி எழுந்தாள். மேசையிலிருந்த கப்பைப் பறித்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குள் இழுத்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் கப் நிரம்பி வழிந்தது.

"என்னம்மா இது, இவ்வளவு நேரம் வரலைன்ன?"

கப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவள் தலையைக் குனிந்தாள்.

"வந்து ரொம்ப நேரமாச்சுக்கா. கொடுத்துட்டா நீங்க போயிடுவீங்கல்ல?"