மின்சாரம் சுமக்கும் உப்பு

என் நாக்கின் விலை முப்பத்தெட்டாயிரம் வோன். கடைக்காரன் நாற்பத்தைந்து சொன்னான், இறங்க வைத்தேன்.

நிஜ நாக்கு பனிக்காலக் காய்ச்சலில் போய்விட்டது. வாய்க்குள்தான் இருக்கிறது, ஆனால் உப்பும் ஒன்றுதான், உமியும் ஒன்றுதான். ருசி திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார் டாக்டர். அதற்கும் பணம் வாங்கினார்.

கொரியாவின் தெகு நகரச் சந்தையில் பன்றி முதுகெலும்பு சூப் விற்கிறவளுக்கு நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால், மத்தியானத்துக்குள் கூட்டம் எதிர்க்கடையில் இருக்கும். ஆகவே விஷயம் எனக்கும் நாத்தனார் மல்சுன்னுக்கும் மட்டும்தான் தெரியும்.

வாங்கிய நாக்கு ஓர் உப்பு மீட்டர். குச்சி மாதிரி இருக்கும், நுனியில் இரண்டு உலோகப் பொட்டு. ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டுக்கு மின்சாரத்தைச் சுமந்து போவது சூப்பில் கரைந்த உப்பு. சுமையாள் கூடினால் சரக்கு கூடுதலாகப் போகும், எண் ஏறும். சர்க்கரையை எவ்வளவு கொட்டினாலும் சுமை தொடாது, சோம்பேறி. சந்தையில் வளர்ந்தவளுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சூப்புக்கு எண் 0.8.

அன்று பதினொரு மணிக்கு மீட்டர் 0.5 என்றது. ஒரு பிடி உப்பு போட்டேன். அசையவில்லை. இன்னொரு பிடி. 0.6. கஞ்சப்பயலே என்று திட்டிக்கொண்டு மூன்றாவதும் போட்டேன்.

பதினொரு கிண்ணம் வெளியே போயிற்று.

மல்சுன் உள்ளே வந்தாள். "அண்ணி, தண்ணி ஜக்கை நாலாவது தடவையா நிரப்புறேன். நேத்து ஊரே சேர்ந்து குடிச்சுச்சா என்ன?"

நான் கரண்டியை நக்கினேன். உடனே துப்பினேன்.

"கரிக்குதுடி. வாயில வைக்க முடியல. இந்தச் சனியன் காலையிலேருந்து பொய் சொல்லிட்டிருக்கு."

மீட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பொட்டுகள் மேல் பன்றிக்கொழுப்பு மெழுகாகப் படிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டால் சுமையாள் எப்படி உள்ளே வருவான்? சோஜு சாராயப் பாட்டிலைச் சாய்த்துத் துணியை நனைத்து, அழுத்தித் துடைத்து, மறுபடி முக்கினேன்.

1.4.

பார்த்தாயா என்று மீட்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். மல்சுன் எண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கரிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

கரண்டியை மறுபடி பானைக்குள் விட்டு நக்கினேன்.

கரித்தது.

அவளுக்கும் ஒரு கரண்டி நீட்டினேன். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி கோணியது. அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம். வெளியே யாரோ பில் கேட்டது காதில் விழவில்லை.

அன்று கரித்த சூப்பைச் சாப்பிட்டவர்களுக்கு மாற்றுக் கிண்ணம் இலவசம் என்று எழுதி ஒட்டினேன்.

சாப்பிட்டவர்கள் பதினொரு பேர். இதுவரை வந்து கேட்டவர்கள் பத்தொன்பது. பத்தொன்பது பேருக்கும் ஊற்றினேன், ஒவ்வொன்றையும் ருசி பார்த்து.