முட்டி வலிக்காரர்

"எழுந்திரிங்க. இன்னிக்கும் டிமிக்கி குடுக்கலாம்னு பாக்காதீங்க."

கடிகாரக் கடைக்காரர் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "முட்டி வலிக்குதுடி. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவீங்க. நடக்காம உக்காந்தே இருந்தா அப்புறம் படுத்த படுக்கைதான்."

"எனக்கென்ன உன்னை மாதிரி இரும்புக் காலா?"

"வாய் மட்டும் காத தூரம் நடக்குமே!" மனைவி அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, பூங்காவுக்கு அழைத்துப் போனாள்.

ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பியபோது, மறுவாழ்வு மையத்தின் பயிற்சியாளர் வாசலில் காத்திருந்தாள்.

"பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் நிறைய பேர் நடக்கறதையே விட்டுடறாங்க. அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நான் மட்டும் இல்லேன்னா, முட்டி வலின்னு சொல்லி இவர் அசையவே மாட்டார்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மனைவி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

"உங்களுக்கு எப்ப சார் முட்டி வலி வந்தது?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வலியாவது ஒண்ணாவது! நீங்க செயற்கைக் கால் பொருத்தி, நடக்கவும் கத்துக்குடுத்து அவளை அனுப்பினீங்க. வந்த அன்னிக்கே கழட்டி அலமாரியில வச்சுட்டா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன், தொடக்கூட இல்ல. எனக்கு முட்டி வலி, தனியா நடக்க பயமா இருக்குன்னு சொன்னதும்தான் எடுத்து மாட்டினா."

"என்ன அங்க குசுகுசுன்னு? நாளையிலேருந்து ரெண்டு சுத்து!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஐயோ, செத்தேன்!" என்று உரக்க முனகிவிட்டு, அவர் பயிற்சியாளரைப் பார்த்துக் கண்ணடித்தார்.